அவை ஏறுமுன் செய்யும் திருத்தம்

நூல் எழுதி முடிந்த அளவில் நிறைவு பெறுவதன்று. அவையோர் முன் நின்று, அவர் எழுப்பும் தடைகளுக்கு விடை கண்ட பின்னரே அது நிறைவு பெறும் என்பது பண்டைத் தமிழர் கொள்கை. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறிய செய்தியைப் பனம்பாரனாரின் பாயிரம் உணர்த்தும். இக்காலத்தே ஒருவரோ நால்வரோ, பெருநிறுவனத் துணையின்றித் தாமே ஆக்கும் கணினி விளையாட்டுக்கும் அரங்கேற்றம் உண்டு. கண்காட்சி மேடையே அதன் அவைக்களம். அதற்கு முன் செய்யத்தக்க திருத்தம் எது, தகாத திருத்தம் எது என்பது ஆராயத்தக்கது.

ஜோகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி செல்லும் சாலையில் அமைந்தது உலு திராம். அத்தகைய ஊரில் வாழும் தமிழ் மாணவர்க்கும் இக்கலை இன்று எட்டாததன்று. விலையின்றிப் பெறத்தக்க ஆக்கக் கருவிகள் பல உள. தெற்கே பாலம் கடந்தால் சிங்கப்பூர், வடக்கே கோலாலம்பூர். ஆயின், தம் விளையாட்டைத் தமிழில் அமைப்பவர்க்கு, ஆங்கிலத்தில் அமைப்பவர்க்கு இல்லாத இடர் ஒன்று உண்டு. அதனைக் காணுமுன் இத்துறையின் தொடக்க வரலாற்றை நோக்குதல் நலம்.

1958ஆம் ஆண்டு அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில், பார்வையாளர் நாளுக்கென வில்லியம் ஹிகின்பாதம் ஒரு டென்னிஸ் ஆட்டத்தைச் சிறு திரையில் காட்டினார். மறு ஆண்டுக் காட்சிக்குத் திரை பெரிதாக்கப்பட்டது. திங்களிலும் வியாழனிலும் பந்து எங்ஙனம் வீழும் என்று காட்டும் வசதியும் சேர்ந்தது. 1962இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரசலும் நண்பர்களும் ஆக்கிய ‘ஸ்பேஸ்வார்’ என்னும் விண்கலப் போர், அவ்வாண்டு மே மாதம் பொதுமக்கள் முன் வைக்கப்பட்டது. அதற்கென மதிப்பெண் முறை ஒன்று சேர்க்கப்பட்டது. ஏன்? ஆட்டத்துக்கு ஒரு முடிவு இருந்தால்தான் ஒருவர் எழுந்து அடுத்தவர்க்கு இடம் தருவார். சூழ்ந்து நிற்போர் காணும்படி மற்றொரு பெரிய திரையும் உயரத்தில் வைக்கப்பட்டது.

இத்திருத்தங்களிற் பெரும்பாலானவை ஆட்டத்தின் உயிரை மாற்றாமல், காண்போர்க்கும் காத்திருப்போர்க்கும் உதவின என்பது கருதத்தக்கது. படைப்போன் ஆசையால் இறுதி நாளில் புதியன புகுத்துதல் வேறு. காண்போன் தடையை நீக்குதல் வேறு. 2011இல் பாஸ்டன் நகரக் கண்காட்சியில் ‘ஃபெஸ்’ என்னும் விளையாட்டு அடிக்கடி நின்றுபோக, அதனை ஆக்கியவரே மீண்டும் மீண்டும் இயக்க நேர்ந்ததை 2012இல் வெளிவந்த ஓர் ஆவணப்படம் காட்டுகிறது. பல்லாண்டு உழைப்பாயினும், அவையில் ஒரு நொடி நின்றால் நின்றதே. ஆதலின் முன்னரே ஒரு நாளைக் குறித்து, அதன்பின் பிழை நீக்கமன்றிப் புதுமை எதுவும் புகுத்தாமை வேண்டும். நன்கு ஓடிய பழைய படி ஒன்று கையில் இருத்தல் வேண்டும். ஆடுபவர் இடையில் எழுந்து சென்றால் விளையாட்டு தானே முதலிடத்துக்குத் திரும்புதல் வேண்டும். இரைச்சல் மிக்க இடத்தில் பேச்சு கேளாது, எழுத்தே பேசும்.

ஈண்டுதான் தமிழுக்குரிய இடர் எழுகிறது. கணினி நம் எழுத்தை ஒலிக்கும் முறையில் சேமிக்கிறது. மெய்யொலி முன்னும் உயிர்க்குறி பின்னும் நிற்கும். திரையிலோ ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன் வருதல் வேண்டும். இடம் மாற்றும் இவ்வறிவு இல்லாத ஆக்கப் பொறியில் ‘பெயர்’ என்பது ‘பயெர்’ எனத் தோன்றும். ‘கதை’ என்பதில் ஐகாரக் குறி சொல்லின் இறுதியில் பற்றுக்கோடின்றித் தொங்கும். ‘கோடோ’ என்னும் இலவசப் பொறியின் மூன்றாம் வரிசையில் இக்குறை இருந்தது. 2023 மார்ச்சில் வந்த நான்காம் பதிப்பில் தீர்ந்தது.

ஆயின், பொறியையே மாற்றுதல் வீட்டின் கடைக்காலை மாற்றுதல் போன்றது. பிற பகுதிகள் பல பழுதாகும். எனவே எழுத்துக்கான மாற்றம் முதலிலேயே செய்யப்படல் வேண்டும். நாள் நெருங்கிவிட்டால், தலைப்பையும் இன்றியமையாத தொடர்களையும் வேறொரு மென்பொருளில் பிழையற அமைத்து, படமாகச் சேர்த்தலே பாதுகாப்பான வழி.

தமிழ்ப் பொருள் உலக அவையில் செல்லாது என்னும் ஐயம் இன்று வேண்டா. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியே சொல்லுகிறது. 2024இல் தனிமுயற்சி விளையாட்டு விழாவின் முதற்பரிசையும், பிரிட்டனின் பாஃப்டா விருதையும் அது பெற்றது.

கண்காட்சியில் ஒரு தமிழ்க் குழந்தை தன் மொழியைத் திரையில் முதன்முறை காணக்கூடும். அது சிதைந்த தமிழாக இருந்தால், குறை பொறியினது என்று அக்குழந்தை அறியாது. மொழியினது என்றே எண்ணும். ஆதலின் இறுதித் திருத்தத்தில் தமிழாசிரியர்க்கும் பங்குண்டு. காட்சிக்கு வைக்கும் அதே கணினியில், ஒவ்வொரு திரையையும் அச்சுப்படி திருத்துவது போல் வாய்விட்டுப் படித்துப் பார்த்தல் அவர் பணி. நிரல் எழுதும் மாணவர்க்கு அதனினும் பெரிய துணை இல்லை.