ஒற்றைப் பனையில் எத்தனை வித்தை!

திருச்சி மாவட்டத்தின் தென்கோடியில், துவரங்குறிச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது மருங்காபுரி, பழைய ஜமீன் ஊர். மானாவாரி நிலமும் குளமும் பனையுமான இந்தப் பக்கத்தில் பறவை பார்க்கப் பைனாகுலர்கூட வேண்டாம். விடிந்ததும் குளக்கரையில் மெல்ல நடந்தால் போதும்.

நாம் பார்ப்பதற்கு முன்பே நம்மைப் பார்த்துவிடும் ஆள்காட்டிக் குருவி. தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தினால், பக்கத்தில் முட்டை இருக்கிறதென்று கொள்ளலாம். கூடெல்லாம் கிடையாது. கட்டாந்தரையில் சிறு பள்ளம், பெரும்பாலும் நான்கு முட்டைகள், மண்ணோடு மண்ணாகத் தெரியும் நிறம். உச்சிவெயிலில் அவை வெந்துபோகாமல் இருக்க, தாய் தண்ணீரில் வயிற்றிறகை நனைத்துக்கொண்டு வந்து உட்காரும். ஈரம் ஆவியாக ஆக முட்டையின் சூடு தணியும். அதனால் கத்தல் கேட்டதும் ஒதுங்கி நடந்துவிடுங்கள். தாய் எழுந்து பறக்கும் நேரமெல்லாம் முட்டை வெயிலில் கிடக்கிறது.

மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடை மங்கலாகத்தான் தெரியும். எழுந்து பறந்தால் இறக்கையில் நீலம் பளீரென்று வெடிக்கும். அந்த இறகில் நீலச் சாயம் துளிகூட இல்லை! நம் நகத்தில் உள்ள கெரட்டின் என்ற புரதம்தான் இறகிழையிலும் இருக்கிறது. அதற்குள்ளே கணக்கற்ற காற்றறைகள், ஒவ்வொன்றும் தலைமுடியின் தடிப்பில் சில நூற்றில் ஒரு பங்கு. அவற்றில் பட்டுச் சிதறும் ஒளியில் நீல அலைகள் மட்டும் ஒன்றுகூடி வலுக்கின்றன. இப்படிச் சாயமின்றி நுண்வடிவால் பிறக்கும் நிறத்துக்குக் கட்டமைப்பு நிறம் என்று பெயர். உதிர்ந்த இறகு கண்ணில் பட்டால் வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நீலம் போய்ப் பழுப்புதான் தெரியும்.

இனிப் பனைக்கு வருவோம். தொங்கும் ஓலையின் அடிப்பக்கத்தில் பனை உழவாரன் தன் எச்சிலையே பசையாக்கி இறகுகளை ஒட்டிக் கூடு வைக்கிறது. காற்றில் ஓலை எப்படி ஆடினாலும் முட்டை விழாது. அதையும் எச்சிலால் ஒட்டியிருக்கிறது.

அதே பனையில் தொங்குகிறது தூக்கணாங்குருவிக் கூடு. எனக்கு எல்லாவற்றிலும் பெரிய அதிசயம் இதுதான். ஆண்குருவி ஓலையோரத்தில் அலகால் ஒரு வெட்டு வெட்டி, நுனியைக் கவ்விப் பறக்கும். நீள நாராக உரிந்து வரும். இப்படி 500 தடவை வரை போய்வந்து, முடிச்சும் பின்னலுமாகக் கட்டும். ஆனால் ஒரே மூச்சில் முடிப்பதில்லை. பாதிக்கூட்டோடு நிறுத்திவிட்டு, சிறகடித்துப் பெண்ணைக் கூப்பிடும். பெண் உள்ளே புகுந்து சோதித்து ஏற்றுக்கொண்டால்தான் முட்டையறையும் நீண்ட வாசல்குழாயும் தயாராகும். பம்பாய்க்கு அருகே கிஹிமில் 1930இல் பறவையியலாளர் சாலிம் அலி நாட்கணக்கில் உட்கார்ந்து கவனித்து எழுதியது இந்த ஏற்பாட்டைத்தான். பெண் குடிவந்ததும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும்.

பருவம் முடிந்து காலியாகும் கூடும் வீணாவதில்லை. வெண்தொண்டைச் சில்லை அதில் புகுந்து தன் முட்டையை இடுகிறது.