காயத்துல பொங்குற நுரை... கிருமி சாகுதா, தப்பிக்குதா?

பைக்கில் இருந்து விழுந்து முட்டி சிராய்ச்சிடுச்சு. ஃபர்ஸ்ட் எய்டு டப்பாவில் இருந்து ஹைட்ரஜன் பெராக்சைடை எடுத்து ஊத்துறீங்க. புஸ்ஸுன்னு வெள்ளை நுரை பொங்குது. 'சூப்பர், கிருமியெல்லாம் காலி'ன்னு ஒரு நிம்மதி வரும், இல்லையா? ஆனா, அந்த நுரைக்கு அது அர்த்தம் இல்லை.

நுரையைக் கிளப்புவது கேட்டலேஸ் என்ற என்சைம். பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைப்பதுதான் அதன் வேலை. நீங்கள் பார்க்கும் குமிழ்கள் எல்லாம் அப்படி வெளியேறும் ஆக்சிஜன்தான். நம்ம ரத்தத்திலும் செல்களிலும் கேட்டலேஸ் நிறைய இருக்கிறது. அதனால கிருமியே இல்லாத காயத்திலும் நுரை வரும். போதாக்குறைக்கு, காயத்தை ஆற்ற வரும் புது செல்களையும் பெராக்சைடு பாதிக்கும். சாதாரண சிராய்ப்புக்குக் குழாய்த் தண்ணீரும் சோப்பும் போதும்.

சரி, இந்த என்சைம் பாக்டீரியாவுக்கு எதுக்கு? நாம உயிர்வாழச் சுவாசிக்கும் ஆக்சிஜன், செல்லுக்குள் போனதும் கொஞ்சம் கொஞ்சமாக சூப்பராக்சைடு, பெராக்சைடு என்று விஷமாகவும் மாறும். நம்ம வெள்ளை அணுக்கள் இந்த விஷத்தையே ஆயுதமாக்கிக்கொள்கின்றன. கிருமியை விழுங்கியதும், அதன்மேல் இவற்றைக் கொட்டும். தரை துடைக்கிற பிளீச்சில் இருக்கும் அதே வகை அமிலத்தைக்கூட தயாரிக்கும்!

கில்லாடிக் கிருமிகள் இதற்கும் தயாராக வருகின்றன. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற என்சைம் சூப்பராக்சைடைப் பெராக்சைடாக மாற்றும். அடுத்து கேட்டலேஸ் வந்து அதைத் தண்ணீராக்கிவிடும். சீழ்க்கட்டிக்குக் காரணமான ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸிடம் இந்த இரண்டும் உண்டு. கூடவே ஒரு தங்க நிறமியும் அதுக்குக் கவசம். மாறாக, டெட்டனஸ் கிருமிக்கு ஆக்சிஜன் ஆகவே ஆகாது. அதனாலதான் காற்று புகாத ஆழமான ஆணிக் காயத்தில் அது வளர்கிறது.

இந்தக் கவசக் கதையில் எனக்குப் பிடித்த ட்விஸ்ட், டி.பி கிருமியிடம் இருக்கிறது. நம்மைக் காக்க வேண்டிய வெள்ளை அணுவுக்கு உள்ளேயே வீடு கட்டிக்கொண்டு பிழைக்கிற கிருமி அது. அங்கே கொட்டும் பெராக்சைடைச் சமாளிக்க அது வைத்திருக்கும் என்சைமின் பெயர் கேட்-ஜி.

1952-ல் டி.பி-க்கு ஐசோனியாசிட் மாத்திரை வந்தது. இன்றும் முதல் வரிசை மருந்து அதுதான். அது எப்படி வேலை செய்கிறது தெரியுமா? மாத்திரை அப்படியே கிருமியைக் கொல்வதில்லை. கிருமிக்குள் போனதும் கேட்-ஜி அதைத் தொட்டு மாற்றுகிறது. அதுக்கப்புறம்தான் அது விஷமாகி, கிருமியின் மெழுகுச் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. அதாவது, தன்னைக் காப்பாற்றிய என்சைமே எதிரிக்குக் கதவு திறந்துவிடுகிறது. இந்த ரகசியம் 1992-ல்தான் வெளிப்பட்டது.

கிருமியும் சும்மா இல்லை. கேட்-ஜி மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறினால்கூட போதும். பெராக்சைடை உடைக்கிற வேலை பெரும்பாலும் நடக்கும், மாத்திரையை மட்டும் கண்டுகொள்ளாது. இப்படிப்பட்ட கிருமிகள் தற்செயலாகச் சில எப்போதும் இருக்கும். அவற்றையும் சேர்த்து அடிக்கத்தான் ஆரம்பத்தில் நான்கு மருந்துகளை ஒன்றாகத் தருகிறார்கள்.

வழக்கமான சிகிச்சை 6 மாதம். ஆனால், இரண்டாவது மாதத்திலேயே இருமல் நின்று, பசியெடுத்து, வெயிட் ஏறிவிடும். 'அதான் சரியாயிடுச்சே'ன்னு மாத்திரையை நிறுத்துவது அப்போதுதான். மிச்சமிருக்கும் கிருமிகள் மறுபடி பெருகும்போது, மருந்துக்கு அடங்காதவை அதிகமாகிவிடலாம். பிறகு சிகிச்சை கடினமாகும். வீட்டில் இருப்பவர்களுக்கும் அதே கிருமி தொற்றக்கூடும்.

உங்க நண்பர் யாராவது டி.பி மாத்திரை சாப்பிட்டால் இதைச் சொல்லுங்க: சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயப்பட வேண்டாம், அது ரிஃபாம்பிசின் மருந்தின் சாயம். கை, கால் மரத்துப்போனால் டாக்டரிடம் சொல்லணும், பி6 வைட்டமின் தருவார். தொடர்ந்து வாந்தி வந்தாலோ, கண் மஞ்சளானாலோ கல்லீரல் பாதிப்பாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரைப் பார்க்கணும், தேவைப்பட்டால் அவர் மருந்தை மாற்றுவார்.