பொய் சொல்லாமல் பதிவான சங்கம்

காலை வேளையில் கொல்கத்தாவின் பாலிகஞ்ச் சந்திப்பில் கேனிங், லட்சுமிகாந்தபூர் லோக்கல் ரயில்கள் நின்றதும் பெண்கள் கூட்டம் கூட்டமாக இறங்குவார்கள். தெற்குப் பகுதிக் கிராமங்களிலிருந்து நகரத்து வீடுகளுக்குப் பாத்திரம் துலக்கவும் சமைக்கவும் வருபவர்கள். லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இவர்கள் பழக்கமானவர்களே. அவசரத்துக்குப் பணம் தேவைப்பட்டால் இவர்களில் பலர் வேலை பார்க்கும் வீட்டில் கேட்கவேண்டும்; அங்கே கிடைக்காவிட்டால் வட்டிக்காரர்தான். வங்கி கேட்கும் சம்பளச் சான்றோ ஈடோ இவர்களிடம் இல்லை.

இப்படி வங்கிக்கு வெளியே நிற்பவர்கள் தாங்களே ஒரு கடன் சங்கத்தை நடத்த முடியுமா? முடியும் என்று இதே நகரத்தின் வடக்கில், பாலியல் தொழிலாளர்கள் வாழும் சோனாகாச்சியில், 1995-இல் செய்து காட்டினார்கள். அதுதான் உஷா பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கம். பாலியல் தொழிலாளர்களே உறுப்பினர்கள், அவர்களே நிர்வாகிகள்.

இதன் வேர் 1992-இல் இருக்கிறது. மருத்துவர் ஸ்மரஜித் ஜனா எச்.ஐ.வி. தடுப்புப் பணிக்காகச் சோனாகாச்சிக்குள் வந்தார். ஆணுறையின் அவசியத்தைச் சொல்வது எளிது. ஆனால் கந்துவட்டிக்குத் தவணை கட்டவேண்டிய பெண், ஆணுறை வேண்டாம் என்று அடம்பிடிக்கும் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப முடியாது. நோயைத் தடுக்க வேண்டுமானால் முதலில் கடனிலிருந்து விடுபட வேண்டும் என்பது அங்கே புரிந்தது. நேபாளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த பெண்களும் அங்கு உண்டு. முகவரிச் சான்றும் கணவர் பெயரும் கேட்கும் வங்கிக் கவுன்டர் அவர்களுக்கு எட்டாத இடம்.

அதற்காகத் தாங்களே தொடங்கிய சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோதுதான் பெரிய தடை வந்தது. உறுப்பினர்கள் நல்லொழுக்கம் உடையவர்களாக இருக்கவேண்டும் என்றது மேற்கு வங்கக் கூட்டுறவுச் சட்டம். குடும்பத் தலைவிகள் என்று எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள் என அதிகாரிகள் தரப்பில் வழி சொல்லப்பட்டது. பெண்கள் மறுத்துவிட்டார்கள். தங்கள் தொழிலைச் சொல்லியே பதிவு வேண்டும் என்று வாதாடினார்கள். கடைசியில் வளைந்து கொடுத்தது அரசுதான். அந்த நிபந்தனை விலகியது. 13 பேருடன் தொடங்கிய சங்கத்தில் பின்னர் பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள்.

வங்கி வாசலுக்கு வர நேரமில்லாதவர்களின் வாசலுக்குச் சங்கம் போனது. வசூலிப்பவர் தினமும் வீடுவீடாக வந்து, கொடுக்கும் சிறு தொகையை வாங்கிப் பாஸ்புக்கில் பதிந்துவிட்டுப் போவார். நம் ஊர்த் தண்டல்காரரின் நடைமுறைதான். ஆனால் இங்கே வாசலில் வாங்கிய பணம் கொடுத்தவர் பெயரிலேயே சேர்கிறது. அப்படிச் சேர்ந்த பணத்திலிருந்து வைத்தியத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் கடன் கிடைக்கிறது.

சிறு தொகைகளைத் திரட்டினால் மட்டும் போதாது. 2013 ஏப்ரலில் சாரதா குழுமம் என்ற தனியார் நிதி நிறுவனம் சரிந்தபோது, முகவர்களை நம்பிச் சிறுகச் சிறுகக் கட்டிய வங்காளத்து ஏழைகள் லட்சக்கணக்கில் ஏமாந்தார்கள். அவர்கள் பணத்தைக் கட்டினார்களே தவிர, கணக்குக் கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. கூட்டுறவிலோ பங்கு எத்தனை வைத்திருந்தாலும் உறுப்பினருக்கு ஒரே வாக்கு. பொதுக்குழுவில் எழுந்து நின்று கணக்கைக் கேட்கலாம், பிடிக்காத நிர்வாகியைத் தேர்தலில் மாற்றலாம். இத்தகைய சங்கத்தின் தலைமைக்கு வருபவர் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே தீரவேண்டும்.

தமிழ்நாட்டிலும் இதற்கு முன்னோடி உண்டு. ஜெயா அருணாசலம் 1978-இல் சென்னையில் தொடங்கிய உழைக்கும் பெண்கள் அமைப்பு, நடைபாதை வியாபாரிகள் போன்ற ஏழைப் பெண்களுக்காக 1981-இல் தனிக் கடன் கூட்டுறவையே நிறுவியது.

இன்று திருப்பூர் பின்னலாடைத் தொழிலிலும் சென்னைக் கட்டட வேலையிலும் பீகார், ஒடிசா, வங்காளத்துத் தொழிலாளர்கள் பெருமளவில் இருக்கிறார்கள். உள்ளூர் முகவரி இல்லை என்பதற்காக அவர்களைக் கந்துவட்டிக்குத் தள்ளக்கூடாது. அவர்களும் உறுப்பினராகி வாக்களிக்கும் சிக்கன நாணயச் சங்கங்களைத் தொடங்க நம் கூட்டுறவுத் துறை முன்வரவேண்டும்.