விரிந்து திரும்பும் பித்தளை

போடிநாயக்கனூர் வாசகர் ஒருவருக்குக் கேரளத்து உடும்பன்சோலைப் பக்கம் ஏலத்தோட்டம். காட்டுப்பன்றிக்காக உரிமம் பெற்ற .315 ரைஃபிள் வைத்திருக்கிறார். ‘தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை. அமெரிக்காவில் சுட்ட கூட்டையே எடுத்து மறுபடி மருந்து நிரப்பிக்கொள்கிறார்களாம். இல்லாவிட்டால் மலிவான எஃகுக் கூட்டுத் தோட்டா வாங்குகிறார்களாம். நமக்கு மட்டும் ஏன் புதுப் பித்தளையே கதி?’ என்று கேட்டிருக்கிறார்.

கேள்விக்குக் காரணம் உண்டு. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரளம் 2022 மே மாதம் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. உரிமத் துப்பாக்கிக்காரர்களைக் கூப்பிட்டுச் சுடச் சொல்கிறார்கள். எல்லையிலுள்ள போடிமெட்டுக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், அந்த வேலை வனத்துறையினுடையது.

விலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் செம்பின் விலையில் ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் திருப்தியில்லை. தோட்டாக் கூட்டில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். எஃகைவிட இது விலை கூடியது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருந்தும் நூற்றைம்பது வருடமாக உலகம் பித்தளையை விடவில்லையே, ஏன்?

கூட்டின் அடியில் இருக்கும் கேப் வெடித்து மருந்து எரியும்போது உள்ளே எழும் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ மூவாயிரம் மடங்கு. இது நடப்பது ஆயிரத்தில் ஒரு விநாடி அளவில். அந்த நேரத்துக்குள் கூட்டின் மெல்லிய சுவர் விரிந்து, துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டினால்தான் வாயு பின்பக்கம் கசிந்து சுடுகிறவர் முகத்தில் அடிக்காது. குண்டு குழலைவிட்டு வெளியேறியதும் கூடு சுவரைவிட்டு விலக வேண்டும். விலகாவிட்டால், அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைப் பிடித்து எவ்வளவு இழுத்தாலும் கூடு வெளியே வராது.

இதில் நுட்பமான ஒன்று இருக்கிறது. அழுத்தத்தில் துப்பாக்கி அறையும் ஒரு மயிரிழை விரிகிறது. அழுத்தம் தணிந்ததும் அது சுருங்கி, உள்ளே இருக்கும் கூட்டைக் கவ்வப் பார்க்கிறது. ஆகவே அறை சுருங்குவதைவிடக் கூடு கொஞ்சம் அதிகமாகச் சுருங்கியாக வேண்டும். எவ்வளவு சுருங்கும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: உலோகத்தின் வலிமை, அதன் விறைப்பு. வலிமை கூடினால் திரும்பும் தூரம் கூடும். விறைப்பு கூடினால் குறையும். எஃகின் விறைப்பு சுமார் 200 கிகாபாஸ்கல், பித்தளையினுடையது சுமார் 110. ஒரே வலிமையுள்ள இரண்டு கூடுகளை எடுத்துக்கொண்டால், பித்தளை திரும்புகிற தூரத்தில் பாதியளவுதான் எஃகு திரும்பும். கூட்டுக்கு எடுக்கும் எஃகோ, இழுத்தெடுக்கத் தோதாக மென்மையான ரகம். வலிமையிலும் அது முந்திவிடுவதில்லை. பித்தளைக்கு நாம் கொடுக்கும் கூடுதல் விலை இந்தத் திரும்பும் குணத்துக்குத்தான்.

அந்தக் குணம் பித்தளைக்குத் தட்டித் தட்டித்தான் வருகிறது. ஒரு வில்லையை அழுத்திக் கிண்ணமாக்கி, இழுத்துக் குழாயாக்கி, நடுநடுவே சூடேற்றி இளக்கித்தான் கூடு செய்கிறார்கள். பரோட்டா மாஸ்டர் மாவைக் கையாளும் விதம்தான் இது. பிசைந்த மாவை உடனே வீசினால் முறுக்கிக்கொண்டு கிழியும். ஊறவிட்டு வீசினால் காகிதம்போல் விரியும். மாவுக்கு ஊறல் எப்படியோ, பித்தளைக்கு நெருப்பு அப்படி. வீசிய பரோட்டாவின் விளிம்பு மெல்லியது, நடு தடிப்பு; கூட்டுக்கும் கழுத்து மெல்லியது, அடி தடிப்பு. வீசி முடித்த மாவைத் திரும்ப உருட்டி வீசினால் முதல் தடவை கொடுத்த நீளத்தைக் கொடுக்காது, அடம்பிடிக்கும். சுட்ட கூடும் அப்படித்தான், ஒவ்வொரு தடவையும் இறுகிக்கொண்டே போகும்.

மருந்தை மறுபடி நிரப்புவதன் லாபமும் ஆபத்தும் இங்கேதான் இருக்கின்றன. தோட்டாவில் விலை கூடிய பாகம் பெரும்பாலும் கூடுதான். அதைத் திரும்பப் பயன்படுத்தினால் மிச்சம் உண்மைதான். ஆனால் சுடும்போது கூட்டின் முன்பகுதி சுவரைப் பிடித்துக்கொள்ள, அடிப்பகுதி போல்ட் பக்கம் தள்ளப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே சுவர் இழுபட்டு மெலிகிறது. பலமுறை நிரப்பிய கூட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், அடியிலிருந்து விரல்நுனி உயரத்தில் பளிச்சென்று ஒரு வளையம் தெரியும். அந்த வளையம் தெரிந்த கூடு அடுத்த வெடியில் இரண்டாகப் பிய்ந்துவிடலாம்.

மறுபடி நிரப்ப முதலில் பழைய கேப்பைக் கழற்ற வேண்டும். அதன் வரலாறு சுருக்கமாக. கேப் பொருத்தும் முறைகள் இரண்டு: அமெரிக்கரான பெர்டன் கண்டது, ஆங்கிலேயரான பாக்ஸர் கண்டது. பாக்ஸர் முறையில் அடியில் நடுவே ஒரே துளை; பழைய கேப்பைக் குத்தித் தள்ளுவது எளிது. பெர்டன் முறையில் துளைகள் ஓரத்தில் இருப்பதால் அது சிரமம். மலிவு எஃகுத் தோட்டாக்களில் பெரும்பாலும் பெர்டன்தான், ஒருமுறை சுட்டு எறிவதற்கென்றே செய்தது. செம்புத் தட்டுப்பாட்டில் ஜெர்மனி உலகப் போரில் எஃகுக் கூட்டுக்குப் போனது. சோவியத் ஒன்றியம் அரக்குப் பூச்சுக் கொடுத்து அதையே நிலையாக்கிக்கொண்டது.

எஃகைப் பற்றிய பயமுறுத்தல்களையும் அப்படியே நம்ப வேண்டாம். ‘அரக்கு உருகி அறையில் ஒட்டும்’, ‘எஃகுக் கூடு குழலைத் தின்றுவிடும்’ என்பார்கள். அமெரிக்காவில் 2013இல் நான்கு துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் 10,000 தோட்டா என்று இலக்கு வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். குழலைத் தேய்த்தது கூடு அல்ல. மலிவுத் தோட்டாக்களின் குண்டின்மேல் செம்புப் பூச்சுக்கு அடியில் இருந்த எஃகு உறை. கூடு செய்கிற தீங்கு வேறு: சரியாக ஒட்டாததால் புகைக்கரி பின்னோக்கி வந்து அறையில் படிகிறது. ‘மலிவு எஃகு’ என்ற பேச்சும் பழையதாகி வருகிறது. அந்த மலிவு எஃகுத் தோட்டாக்களை அனுப்பிவந்த ரஷ்யாவின் தோட்டாவுக்குப் புது இறக்குமதி அனுமதி தருவதை அமெரிக்கா 2021 செப்டம்பரில் நிறுத்திவிட்டது.

நம் வாசகருக்கு இந்த இரண்டு வழிகளுமே உதவாது. .315 தோட்டா புனே அருகே கட்கியில் உள்ள அரசு ஆலையில் பித்தளைக் கூட்டில் தயாராகிறது. உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவுப்படி குற்றம்; 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை. ‘பாதி விலையில் முடித்துவிடலாம்’ என்று வீடியோ காட்டுகிறவர்கள் கேப்பும் மருந்தும் கடையில் கிடைக்கும் நாட்டில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறார்கள். அந்தக் கணக்கை இங்கே போட வேண்டாம்.

வாசகர் கவனிக்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் மழைக்காலம் வந்தால் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கிவைப்பார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், சுடாத தோட்டாவே கழுத்தில் விரிசல் விட்டிருக்கும். மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் 1921இல் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா, ஈரக்காற்றோடு சேர்ந்து, ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும் பித்தளையின் படிகங்களுக்கு இடையே புகுந்து அரித்திருக்கிறது. குண்டைப் பிடித்து நெருக்கிய கழுத்தில் இறுக்கம் அதிகம். ஆகவே விரிசல் அங்கே தொடங்குகிறது. பித்தளைக்கு வலிமை தந்த இறுக்கமே அமோனியாவுக்கு வழிவிடுகிறது.

ஏலமலையில் குதிரை லாயம் இல்லாமல் இருக்கலாம். யூரியா மூட்டையும் மாட்டுக்கொட்டகையும் மாதக்கணக்கில் மழை ஈரமும் உண்டு. யூரியா ஈரம்பட்டுச் சிதைந்தால் அமோனியாதான் வரும். ஆகவே தோட்டாவை உரக் கிடங்கிலும் கொட்டகையிலும் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலும் வைக்காதீர்கள். ஈரம் புகாத டப்பாவில் போட்டு, வீட்டுக்குள் பூட்டி வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு தோட்டாவின் கழுத்தையும் வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். மயிரிழை விரிசலோ பச்சைக் களிம்போ தெரிந்தால் அதைச் சுடாதீர்கள். உரிமம் பெற்ற கடைக்காரரிடமோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்துவிடுங்கள்.