மாப்பிள்ளை முழங்காலும் புதுப் பலகையும்

“அப்பா, அவர் மறுபடியும் ஸ்கீ வாங்கணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறார். நீங்களாவது சொல்லுங்கப்பா!”

போன குளிர்காலத்தில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். போய் இறங்கிய மூன்றாம் நாளே இந்தப் பஞ்சாயத்து! மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தால், பத்தாம் வகுப்புப் பையன் சைக்கிள் கேட்கிற மாதிரி இருந்தது. மகள் கண்ணிலோ நிஜமான பயம்.

பயத்துக்குக் காரணம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் அவர் நண்பர் ஒருவரின் பனிச்சறுக்குப் பலகையை ஒரு நாளைக்கு இரவல் வாங்கிக்கொண்டு போனார். நண்பர் ஆறடி உயரம், எடை 94 கிலோ. நம்ம மாப்பிள்ளை 70 கிலோ. மெதுவாக வந்து திரும்பும்போதுதான் விழுந்தார். பலகை காலை விட்டுக் கழலவில்லை. பலகை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். முழங்காலுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். முன் சிலுவைத் தசைநார், அதாவது எல்லோரும் ‘ஏ.சி.எல். ஜவ்வு’ என்கிறார்களே, அது அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் பயிற்சி என்று ஒரு வருஷமே போயிற்று.

அப்போது மகள் போனில், “ஏதாவது தைலம் அனுப்புங்கப்பா” என்று அழுதாள். நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன். முப்பது வருஷமாக மூட்டுவலிக்காரர்களைப் பார்க்கிறவன். ஆனாலும் அன்றைக்குச் சொன்னது இதைத்தான்: “தைலம் வலியைத் தணிக்கும்மா. அறுந்ததை ஒட்டாது. எலும்பு மருத்துவர் சொல்றபடி கேளுங்க.”

இப்போது கால் தேறிவிட்டது. மருத்துவரும் விளையாடலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டார். அப்புறம் வேண்டாம் என்று தடுக்க நான் யார்? “சரி மாப்பிள்ளை, கடைக்கு நானும் வர்றேன். ஆனா பலகையைக் கடைசியாத்தான் பார்க்கணும்” என்றேன். “அப்போ முதல்ல என்ன மாமா?” என்றார். “உங்க கால்!”

ஒரே பலகை இரண்டுக்கும் ஆகுமா?

மாப்பிள்ளைக்கு ஆசை இரண்டு. ஒன்று, ‘பவுடர்’ எனப்படும் ஆழமான புதுப்பனி. யூட்டா பனி ஈரப்பசை குறைந்து, அரைத்துச் சலித்த அரிசிமாவு போல லேசாக இருக்கும். நகரத்துக்குப் பக்கத்து மலையில் இருக்கும் ஆல்ட்டாவில் வருஷத்துக்குச் சராசரியாக 500 அங்குலத்துக்குக் குறையாமல் விழுகிறது. அதாவது நாற்பது அடிக்கு மேல்! இரண்டாவது ஆசை, ‘பார்க்’. பனியில் மேடு கட்டி, இரும்புக் கம்பியும் பெட்டியும் பதித்து வைத்திருப்பார்கள். தாவுவது, கம்பிமேல் வழுக்குவது, பின்பக்கமாகவே இறங்குவது எல்லாம் அங்கே நடக்கும்.

சங்கடம் என்னவென்றால், இரண்டும் கேட்பது வேறு வேறு.

பவுடருக்கு அகலம் வேண்டும். பாதத்துக்கு அடியில் பலகையின் இடுப்பளவு சுமார் 105 முதல் 120 மில்லிமீட்டர் வரை இருந்தால் பனியில் புதையாமல் மிதக்கும். முன்முனை தோணியின் மூக்கு மாதிரி மேலே வளைந்திருக்க வேண்டும். இதை ‘ராக்கர்’ என்கிறார்கள். 2000க்குப் பிறகு வந்த மாற்றம் இது. ஷேன் மெக்கான்கி என்ற அமெரிக்க வீரரின் யோசனையில் பிறந்த ‘ஸ்பாட்டுலா’ என்ற பலகைதான் இதற்குப் பிள்ளையார் சுழி போட்டது.

பார்க்குக்கு இடுப்பளவு 80 முதல் 95 வரை போதும். காற்றில் சுழற்ற லேசாக இருக்கும். பின்பக்கமாகவும் இறங்குவதால் இரண்டு முனையும் வளைந்த ‘ட்வின் டிப்’ அவசியம். நடுப்பகுதி வில் மாதிரி மேல்நோக்கி வளைந்திருந்தால், தாவும்போது உந்தித் தள்ளும். கெட்டிப் பனியில் பிடிப்பும் தரும். இரும்பு விளிம்பு தடிமனாக இருப்பதும் நல்லது. கம்பியில் மோதி மோதி மெல்லிய விளிம்பு சீக்கிரம் விரிசல் விடும்.

பலகையில் பூட்ஸைப் பிடிக்கும் பூட்டுக்குப் ‘பைண்டிங்’ என்று பெயர். அதைப் பொருத்தும் இடமும் முக்கியம். பார்க் ஆட்கள் கிட்டத்தட்ட நடுமத்தியில் பொருத்துவார்கள். அதே இடம் ஆழமான பனியில் ஆகாது, முன்முனை புதையும். அதனால் பவுடருக்குச் சில சென்டிமீட்டர் பின்னால் தள்ளிப் பொருத்துவார்கள். எங்கள் வைத்தியத்தில் மருந்து ஒன்றாக இருந்தாலும் தேனில் கொடுத்தால் ஒரு பலன், வெந்நீரில் கொடுத்தால் வேறு பலன் என்று அனுபானம் பார்ப்போம். இங்கேயும் அதே கதைதான்!

“எத்தனை நாள், மாப்பிள்ளை?”

கடையில் மாப்பிள்ளை கை நேராக 118 மில்லிமீட்டர் பலகைக்குத்தான் போயிற்று. ஏதோ வீடியோவில் பார்த்தாராம். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “கால் போறதுக்கு முந்தின சீசன்ல எத்தனை நாள் மலைக்குப் போனீங்க? அதுல முழங்கால் ஆழம் புதுப்பனி எத்தனை நாள்?”

விரல் விட்டு எண்ணினார். மொத்தம் பதினேழு நாள். ஆழமான பனி மூன்றே நாள். மீதிப் பதினாலும் சமப்படுத்திய கெட்டிப் பனியும் பார்க்கும்!

இங்கேதான் முழங்கால் வருகிறது. பலகை அகலமாக ஆக, அதன் விளிம்பு பாதத்தின் மையத்தை விட்டுத் தள்ளிப்போகிறது. கெட்டிப் பனியில் அந்த விளிம்பை ஊன்றிச் சாய்த்துப் பிடிக்கக் கால் கூடுதலாகத் திருக வேண்டும். மூன்று நாள் சந்தோஷத்துக்காகப் பதினாலு நாள் முழங்காலைத் திருகுவானேன்? அதுவும் தைத்து ஒட்டிய முழங்காலை!

கடைசியில் 96 மில்லிமீட்டர், இருமுனை வளைந்த, நடுத்தர விறைப்புள்ள பலகை ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். நீளம் கிட்டத்தட்ட அவர் உயரம். பைண்டிங்கை நடுவிலிருந்து கொஞ்சம் பின்னால் பொருத்தச் சொன்னோம். நிறையப் பனி கொட்டுகிற நாளில் அகலமான பலகையை வாடகைக்கு எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. பார்க்குக்கே போகாமல் பவுடரிலேயே குடியிருக்கிற ஆளாக இருந்தால் நானே 110க்கு மேல் வாங்கச் சொல்லியிருப்பேன். ஆளைப் பார்த்துத்தானே மருந்து?

பூட்ஸ் முதலில், பைண்டிங் அடுத்து

பலகைக்கு முன்பே பூட்ஸை முடித்துவிட்டோம். சாயங்காலம் போவது நல்லது. பாதம் லேசாக வீங்கியிருக்கும் நேரம் அது. மெல்லிய காலுறை ஒன்று போதும். பூட்ஸின் உள்மெத்தையை எடுத்துவிட்டு, வெறும் ஓட்டில் காலை விட்டு, விரல் நுனி முன்னால் தொடும்படி நிற்க வேண்டும். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றிலிருந்து இரண்டு விரல் இடைவெளி இருந்தால் அளவு சரி. ‘தாராளமா இருக்கட்டுமே’ என்று பெரிதாக வாங்கினால், கால் திரும்பும், பலகை திரும்பாது!

அடுத்தது, உயிர் போன்ற விஷயம். விழும்போது எவ்வளவு விசையில் பைண்டிங் காலை விட வேண்டும் என்பதற்கு ஓர் எண் உண்டு. ஜெர்மன் தர நிர்ணய நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கத்தை வைத்து அதை ‘டின்’ எண் என்கிறார்கள். எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிநீளம், சறுக்கும் விதம் இந்த ஐந்தையும் வைத்துத்தான் கணக்கு. 50 வயது தாண்டினால் எண் குறையும். நண்பரின் 94 கிலோவுக்கு வைத்த எண், நம்ம ஆளின் 70 கிலோவுக்கு எப்படிக் கழலும்? பார்க்கில் தாவும்போது கழன்றுவிடக் கூடாதென்று சில பையன்கள் தாங்களாகவே எண்ணை ஏற்றி வைக்கிறார்களாம். வேண்டாங்க! பயிற்சி பெற்ற மெக்கானிக் கருவியில் சோதித்துத் தரட்டும். சறுக்கும் விதத்தைக் கேட்டால் ஜம்பத்துக்குக் கூட்டிச் சொல்லாதீர்கள். எடையைக் குறைத்தும் சொல்லாதீர்கள்.

பூட்ஸின் அடிப்பாகம் பல வகை. உங்கள் பூட்ஸுக்கு அந்தப் பைண்டிங் ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள். பலகை ஓடிவிடாமல் பிடிக்கும் பிரேக்கின் அகலம், பலகையின் இடுப்பளவைவிடச் சில மில்லிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். பைண்டிங் சரியாக இருந்தால் கீழ்க்கால் எலும்பு முறிவது வெகுவாகக் குறையும். முழங்கால் ஜவ்வுக்கு அந்த அளவு உத்தரவாதம் கிடையாது.

விழவும் கற்றுக்கொள்ளுங்கள்!

1995இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பனிச்சறுக்குத் தலங்களின் ஊழியர்களுக்கு ‘எப்படி விழக் கூடாது’ என்று படம் போட்டுக் காட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களிடையே கடுமையான முழங்கால் ஜவ்வுக் காயங்கள் 62 சதவீதம் குறைந்தன. பாடம் எளிதுதான். பின்பக்கமாக உட்கார்ந்தபடி விழும் நிலை வந்தால் கைகளை முன்னால் கொண்டுவந்து, பாதங்களைச் சேர்த்து வையுங்கள். சறுக்கிக்கொண்டிருக்கும்போதே எழுந்திருக்க முயலாதீர்கள். காலை விறைப்பாக நீட்டாதீர்கள். விழுந்தாச்சா? நிற்கும்வரை விழுந்தபடியே போங்கள்!

சீசனுக்கு முன் ஆறு வாரமாவது தொடை முன்தசை, பின்தசை, இடுப்புக்குப் பயிற்சி வேண்டும். மாப்பிள்ளை தினமும் மாடிப்படி ஏறி இறங்கினார். சுவரில் சாய்ந்து நாற்காலி மாதிரி நின்றார். ராத்திரி வெதுவெதுப்பான எண்ணெய் தடவிவிடும் வேலை என்னுடையது. களைத்த தசைக்கு அது சுகம்.

பவுடருக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பெரிய மரங்களின் அடியில் பனி இறுகாமல் பள்ளமாக இருக்கும். தலைகீழாக விழுந்தால் மூச்சு முட்டிவிடும். தனியாகப் போகவே கூடாது. துணை ஆள் கண்ணில் படும் தூரத்திலேயே இருக்கட்டும். தலத்தின் எல்லைக்கு வெளியே போவதானால் பனிச்சரிவு அபாயம் பற்றிய பயிற்சியும், புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் சிக்னல் கருவி, துழாவும் கம்பி, மண்வெட்டி மூன்றும் இல்லாமல் காலெடுத்து வைக்காதீர்கள்.

புதுப் பலகையோடு முதல் நாள், மகளும் நானும் அடிவாரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். மாப்பிள்ளை நன்றாகத்தான் வந்தார். கடைசித் திருப்பத்தில் தடுமாறி, பொத்தென்று விழுந்தார். மகள் என் கையை இறுகப் பிடித்தாள். பலகை ‘க்ளிக்’ என்று கழன்று, தனியாகப் போய் நின்றது. மாப்பிள்ளை பனியைத் தட்டிக்கொண்டு எழுந்து கையை ஆட்டினார்.

“கழண்டிடுச்சுப்பா!” என்றாள் மகள். மூன்று வருஷத்துக்கு அப்புறம் அவள் சிரித்தபடி மலையைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

உங்கள் பிள்ளையோ மாப்பிள்ளையோ யூட்டாவிலோ, நம்ம காஷ்மீர் குல்மார்க்கிலோ பலகை வாங்கப்போவதாகச் சொன்னால் பயந்து தடுக்காதீர்கள். “என்ன கலர், என்ன பிராண்டு?” என்றும் கேட்காதீர்கள். “விழுந்தா கழலுமா?” என்று முதலில் கேளுங்கள்!