எட்டுப் பெயர்கள், ஒன்பது முகங்கள்: பாடசாலைப் படத்துக்கு ஏன் புரூப் பார்க்கவேண்டும்?

கரம்பொனில் எங்கள் வீட்டில் 1990ஆம் ஆண்டுக்கு முந்திய படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் நாங்கள் பாதுகாத்து வைத்த படமல்ல. மாமாவின் வகுப்புத் தோழர் ஒருவர் ரொறன்ரோவில் தன் வீட்டுச் சுவரில் தொங்கிய வகுப்புப் படத்தை ஃபோனில் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தது. எங்கள் ஆல்பங்கள் 1990-91இல் தீவகம் வெறிச்சோடியபோது பாதியும், 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் மீதியுமாகப் போய்விட்டன.

அம்மாவின் தம்பியான அந்த மாமா 1990இல் காணாமற்போனவர். படத்தில் அவருக்குப் பதினொரு வயதிருக்கும். இரண்டாவது வரிசையில் ஒன்பது பெடியன்கள் நிற்கிறார்கள். கீழே அச்சிட்ட பெயர்களை எண்ணினால் எட்டு. மாமாவின் பெயர் இடமிருந்து ஐந்தாவது. விடுபட்ட பெயர் அவருக்கு வலப்பக்கத்தில் நிற்பவருடையதென்றால் மாமா ஐந்தாவது ஆள். இடப்பக்கத்தில் நிற்பவருடையதென்றால் ஆறாவது ஆள். இருவருமே எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, வெள்ளைச் சேட்டு, சுண்டுவிரல் நகத்தளவு முகம். அம்மா ஐந்தாவது என்றார். அம்மம்மா கடைசிவரை ஆறாவது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆணைக்குழுக்களுக்கும் அலுவலகங்களுக்கும் கொடுத்த கோவைகளில் அம்மா ஐந்தாவது முகத்தைப் பெருப்பித்து வைத்தார். அந்தப் படத்தை அச்சிட முன்னர் யாராவது ஒருவர் தலைகளையும் பெயர்களையும் எண்ணிப் பார்த்திருந்தால் எங்கள் வீட்டில் இந்த வாக்குவாதம் வந்திருக்காது.

இந்த நினைப்போடுதான், தீவகத்துப் பாடசாலை ஒன்றில் படம் பிடிக்க வந்த ஸ்ரூடியோக்காரர் ஒருவரோடு இரண்டு நாட்கள் கூடவே நின்றேன். முப்பது வருடங்களுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருப்பவர். அச்சுக்குப் போக முன்னர் பெற்றோருக்குக் காட்டும் மாதிரித்தாளை அவர் ‘புரூப்’ என்கிறார். பத்திரிகையில் புரூப் பார்ப்பது எனக்குப் பழக்கம். படத்துக்கும் அப்படி ஒன்று உண்டு என்பதை அவரிடம்தான் விபரமாகப் படித்தேன்.

பிலிம் காலத்தில்

35 மில்லிமீற்றர் பிலிம் சுருளில் 36 படங்கள். கழுவிக் காயவைத்த நெகற்றிவை ஆறு ஆறு படங்களாக ஆறு துண்டுகளாக வெட்டி, 8×10 அங்குலத் தாளில் வரிசையாக அடுக்கி, மேலே கண்ணாடி வைத்து இருட்டறையில் ஒளி காட்டுவார்கள். 36 படங்களும் ஒரே தாளில், நெகற்றிவின் அளவிலேயே பதியும். இதுதான் கொன்ராக்ட் பிறின்ற். பூதக்கண்ணாடி வைத்து, கண் மூடியதைக் கழித்து, நல்லதைப் பெருப்பிப்பார்கள்.

அதற்கும் முந்திய காலத்தில், மேலைநாட்டு ஸ்ரூடியோக்கள் புரூப் படத்தை நிலைப்படுத்தாமலே வாடிக்கையாளரிடம் கொடுப்பதுண்டு. வெளிச்சம் படப்பட அது கறுத்துவிடும். பார்த்துத் தெரிவு செய்யலாம், காசு கொடுக்காமல் வைத்துக்கொள்ள முடியாது. இன்று படத்தின் குறுக்கே ‘மாதிரி’ என்று மங்கலாக எழுதுவதும் அதே காரணத்துக்காகத்தான்.

இன்று எப்படிச் செய்கிறார்கள்?

வேலை கமராவில் தொடங்குவதில்லை, வகுப்பு இடாப்பில் தொடங்குகிறது. ஸ்ரூடியோக்காரர் முதலில் வகுப்பு ரீச்சரிடம் இடாப்பை வாங்கி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இலக்கம் போட்டார். ஒவ்வொரு பிள்ளையும் கதிரையில் இருந்ததும், அந்த இலக்கத்தை மட்டையில் எழுதிப் பிடிக்கச் சொல்லி முதல் படம். பிறகு மட்டையை எடுத்துவிட்டு மூன்று அல்லது நான்கு படங்கள். பின்னர் கணினியில் முகங்கள் குழம்பினாலும் மட்டை குழம்பாது. வராத பிள்ளையின் இலக்கத்தை வெறுமையாக விட்டார். அடுத்த பிள்ளைக்கு அதைக் கொடுக்கவில்லை.

கடைக்குத் திரும்பியதும் முதல் வேலை படங்களை இரண்டு இடங்களில் பிரதி எடுப்பது. அதன் பிறகே கழித்தல். கண் மூடியது, அசைந்தது, மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம் தெறித்தது எல்லாம் போக, ஒரு பிள்ளைக்கு இரண்டு அல்லது மூன்று படங்களை மிச்சம் வைப்பார். ஒவ்வொரு படத்திலும் கண்கள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வரும்படி வெட்டுவார். ஒரு முகம் பெரிதாகவும் பக்கத்து முகம் சின்னதாகவும் இருந்தால் படத்தின் குறை பெற்றோருக்குத் தெரியாது, பிள்ளையின் குறை மாதிரித் தெரியும் என்பது அவர் கணக்கு.

தாள் ஏ4. அதாவது 210×297 மில்லிமீற்றர். சுற்றிவர 12 மில்லிமீற்றர் ஓரம் விட்டு, மேலே வகுப்பு, திகதி எழுத இரண்டு சென்ரிமீற்றர் ஒதுக்கினால், மூன்று நிரல் நான்கு வரிசையாகப் பன்னிரண்டு படங்கள் பிடிக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4×5 சென்ரிமீற்றர். பிள்ளைக்கு ஒரு படமென்றால், முப்பது பிள்ளைகளுள்ள வகுப்புக்கு மூன்று தாள்கள். இருபது படங்களையும் அடக்கலாம். ஆனால் அந்த அளவில் கண் பாதி மூடியிருப்பது பெற்றோருக்குத் தெரியாது. தாளை மிச்சம் பிடிப்பதற்காக முகத்தைச் சின்னதாக்கினால் புரூப் காட்டுவதில் அர்த்தமில்லை.

ஒவ்வொரு படத்தின் கீழும் இலக்கம், தமிழில் பெயர், ஆங்கில எழுத்தில் பெயர். ‘மாதிரி’ என்ற எழுத்தை நெஞ்சுக்கு நேரே போடவேண்டும். கண்ணுக்கு மேலே போட்டால் பெற்றோர் எதைப் பார்த்துத் தெரிவு செய்வார்கள்?

கடைசியாக ஒரு துண்டு: இலக்கம், விரும்பும் படம், அளவு, எத்தனை பிரதி, பெயரில் திருத்தம், பெற்றோரின் கையெழுத்து. திருத்தத்துக்கென்று தனிக்கோடு கட்டாயம் இருக்கவேண்டும். இடம் இல்லாவிட்டால் எங்கள் சனம் திருத்தம் சொல்லமாட்டார்கள். “பரவாயில்லை, விடுங்கோ” என்று போய்விடுவார்கள்.

தழும்பை அழிக்கலாமா?

அன்று ஒரு பிள்ளையின் நெற்றியில் தழும்பு இருந்தது. கணினியில் அதை அழிக்க அரை நிமிடம் போதும். அவர் அழிக்கவில்லை. அழித்தது ஒன்று, அழிக்காதது ஒன்று என இரண்டையும் புரூப்பில் போட்டார்.

“தாய் தகப்பன் சொல்லட்டும் பிள்ளை, நான் ஆர் அதைத் தீர்மானிக்க?” என்றார்.

எனக்கு உடனே அம்மா நிரப்பிய படிவங்கள் நினைவுக்கு வந்தன. மச்சம், தழும்பு, வேறு அடையாளங்கள் என்று ஒரு பகுதி அவற்றில் இருக்கும். ஒருவரைத் தேடும்போது தேவைப்படுகிற அடையாளங்களைத்தான் ஸ்ரூடியோவில் ‘அழகாக்குகிறோம்’ என்று சொல்லி முதலில் துடைக்கிறோம்.

நிறமும் அப்படித்தான். கறுப்பான பிள்ளைகளை இரண்டு மூன்று படி வெளிறச் செய்து கொடுப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. பிள்ளையின் உண்மையான நிறம் புரூப்பில் தெரியவேண்டும். வெளிறச் செய்திருந்தால் பெற்றோர் தயங்காமல் திருப்பிக் கேட்கலாம். அடையாள அட்டைக்கான படம் வேறு கதை. அதை ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிந்த ஸ்ரூடியோவிலேயே எடுக்கவேண்டும், அங்கிருந்தே இணையவழியாகத் திணைக்களத்துக்குப் போகும். அதில் முகத்தைத் திருத்த இடமில்லை.

யாருடைய கையில் போகிறது?

முப்பது பிள்ளைகளின் முகமும் முழுப்பெயரும் உள்ள தாள் ஒரு பட்டியல். பட்டியல் என்றால் என்ன என்று எங்களுக்குச் சொல்லித் தரத்தேவையில்லை. படிவத்தோடு வந்தவர்கள் குடும்பத்தோடு சுவரோரம் நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டுபோன நாட்களை என் வயதுக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தப் படங்கள் எங்கே இருக்கின்றன என்று இன்றுவரை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

அதனால் வகுப்பின் முழுத்தாள் வகுப்பு ரீச்சரின் கையோடு நிற்கவேண்டும். அது பெயர் சரிபார்ப்பதற்கு மட்டும். வீட்டுக்கு அனுப்ப, அந்தந்தப் பிள்ளையின் படங்கள் மட்டுமுள்ள சிறு தாள் போதும். முழுத்தாளை ஃபோனில் பிடித்துப் பெற்றோர் குழுவில் போடுவது சுலபம்தான். போட்ட பிறகு அதைத் திருப்பி எடுக்க முடியாது. படம் வேண்டாம் என்று ஒரு தாய் சொன்னால் காரணம் கேட்காமல் அந்த இலக்கத்தை வெறுமையாக விடவேண்டும்.

வகுப்புப் படத்துக்கு ஒரே விதி

குழுப்படத்தில் தனிப் புரூப்பைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். ஸ்ரூடியோக்காரர் செய்தது இதுதான்: படம் பிடித்த கையோடு, பிள்ளைகள் கலைய முன்னர், ரீச்சர் வரிசை வரிசையாக இடமிருந்து வலமாகப் பெயரைக் கூப்பிட்டார். ஒவ்வொரு பிள்ளையும் கையை உயர்த்த, நான் கொப்பியில் எழுதினேன். பிறகு புரூப்பில் ஒவ்வொரு தலைக்கு மேலும் சின்ன இலக்கம். முதலில் தலைகளை எண்ணவேண்டும். அடுத்துப் பெயர்களை எண்ணவேண்டும். இரண்டும் ஒத்துவராமல் அச்சுக்குப் போகக்கூடாது.

எண்ணினோம். தலை முப்பத்தொன்று, பெயர் முப்பது. தவணை நடுவில் வந்து சேர்ந்த ஒரு பிள்ளை. இடாப்பில் இன்னும் ஏறவில்லை. பெயர் கூப்பிட்டபோது கை உயர்த்த அவளுக்கு முறை வரவில்லை. தானாகச் சொல்லவும் அவளுக்குத் துணிவு வரவில்லை. அடுத்த நாள் ரீச்சர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டு, அந்தப் பெயரைப் பென்சிலால் புரூப்பில் எழுதினார்.

தாளைப் பிறகு என்ன செய்வது?

பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகிறது. போகக்கூடாது. திருத்திய வகுப்புத்தாளின் ஒரு பிரதியை, ஆண்டும் வகுப்பும் எழுதிப் பாடசாலையில் பூட்டி வைக்கலாம். இன்னொரு பிரதி வேறு கட்டடத்தில் அல்லது வேறு ஊரில் இருக்கவேண்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததிலிருந்து, ஒரே இடத்தில் வைத்தது ஒரே இரவில் போகும் என்று எங்களுக்குத் தெரியும். 2005இலிருந்து இயங்கும் நூலகம் இணையத்தளத்தில் பல பாடசாலைகளின் மலர்கள் எண்ணிமமாகச் சேர்ந்திருக்கின்றன. பழைய மாணவர் சங்கங்கள் தங்களிடமுள்ள பழைய குழுப்படங்களைப் பெயர்களோடு அப்படிச் சேர்ப்பிக்கலாம். இன்று படத்தில் உள்ள பிள்ளைகளின் படங்களுக்கு அவசரமில்லை. அவர்கள் வளர்ந்து தாங்களே தீர்மானிக்கட்டும்.

தீவகத்து உப்புக்காற்றில் சட்டமிட்ட படம் கண்ணாடியோடு ஒட்டிப்போகும். ஒட்டியதை உரித்தெடுக்க முயலவேண்டாம், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே வைத்துப் படம் பிடியுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், யார் யார் என்று இன்றே கேட்டு எழுதிவையுங்கள்.

அந்த இரண்டு நாள் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கோவையை எடுத்துவரச் சொன்னார்.

“ஆறாவது ஆளையும் பெருப்பிச்சு வை பிள்ளை. அம்மம்மா சொன்னது சரியாயும் இருக்கலாம்.”

இப்போது எங்கள் கோவையில் இரண்டு முகங்கள் இருக்கின்றன. ஒருவர் என் மாமா. மற்றவர் பெயர் அச்சிடப்படாத அந்தப் பெடியனாகவும் இருக்கலாம். அவரின் வீட்டில் இந்தப் படமாவது இருக்கிறதா என்று எங்களுக்குத் தெரியாது.