தொழுவத்திலே வேலைநிறுத்தம்

ஆலையிலே வேலைநிறுத்தம் கண்டிருக்கிறோம், துறைமுகத்திலே கண்டிருக்கிறோம். எருமைத் தொழுவத்திலே வேலைநிறுத்தம் கேட்டதுண்டா, தோழர்களே? 1946ஆம் ஆண்டு, குஜராத்தின் கேடா மாவட்டத்திலே நடந்தது. ஒருநாள் அல்ல, இருநாள் அல்ல, 15 நாள்!

ஆலைத் தொழிலாளி கைகட்டி நின்றால் இயந்திரம் ஓய்ந்துவிடும். எருமை ஓயுமோ? மடி கனக்கும், கறந்தே தீரவேண்டும். கறந்த பாலோ பொழுது சாய்வதற்குள் திரிந்து போகும். நெல்லைப் பத்தாயத்திலே பூட்டிவைத்து விலை பேசலாம். பாலைப் பூட்டிவைக்க முடியுமா? ஏழையின் இந்தப் பலவீனந்தான் போல்சன் கம்பெனிக்கு முதலீடு. பம்பாய்க்குப் பால் அனுப்பும் ஏகபோக உரிமையை 1945இல் சர்க்கார் அதற்குத் தூக்கிக் கொடுத்தது. 400 கிலோமீட்டருக்கு அப்பால் நகரத்தார் கொடுத்த காசு, கறந்தவன் கைக்கு வருமுன் கரைந்தது.

வல்லபாய் பட்டேலிடம் முறையிட்டனர். நீங்களே சங்கம் வையுங்கள், சர்க்கார் மறுத்தால் பாலை நிறுத்துங்கள் என்றார் அவர். சர்க்கார் மறுத்தது. நிறுத்தினர்! வேளைக்கு வேளை வரும் காசை இழந்தனர். விலைக்கு ஒரு சொட்டுக் கொடுக்கவில்லை. பம்பாயின் பால் கமிஷனர், வெள்ளைக்காரர், ஆனந்துக்கே ஓடிவந்து இணங்கினார். அவ்வாண்டு டிசம்பர் 14இல் சங்கம் பதிவாயிற்று. தலைவர் திரிபுவன்தாஸ் பட்டேல். அதுதான் பின்னாளில் அமுல். 1949இல் வந்து சேர்ந்தார் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டிலே பிறந்தவர், நம் கிண்டியிலே பொறியியல் படித்தவர். எருமைப்பால் பவுடராகாது என்று மேல்நாட்டு நிபுணர்கள் கைவிரித்தனர். 1955இல் ஆனந்திலே ஆயிற்று! 1970இல் நாடெங்கும் திட்டமாயிற்று.

காணி நிலமில்லாதவனும் ஓர் எருமை வளர்க்கலாம். அறுவடைக்குக் காத்திராமல் அடுப்பெரியும். மெய்தான். ஆனால் நிலமுள்ளவனுக்கு வரப்பிலே புல், நிலமில்லாதவனுக்கு? மேய்ச்சல் புறம்போக்கையும் வளைத்துக் கொண்ட ஊரிலே, பால் காசு தீவனக் கடைக்கே திரும்புகிறது. மாடு கொடுத்துவிட்டோம், வறுமை ஒழிந்தது என்று மாலை வாங்கிக் கொள்வோர் இதைச் சொல்வதில்லை.

இன்னொன்றும் சொல்வதில்லை. புல்லறுப்பவள் பெண், சாணி அள்ளுபவள் பெண், கறப்பவளும் பெரும்பாலும் அவளே. சங்கப் புத்தகத்திலோ பல ஊர்களில் கணவன் பெயர்! உங்கள் ஊர்ப் பால் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை வாங்கிப் பாருங்கள், தோழர்களே. பெண்கள் பெயர் எத்தனை என்று எண்ணுங்கள். குறைந்திருந்தால், அடுத்த பேரவைக் கூட்டத்திலே எழுந்து காரணம் கேளுங்கள்.